கிருமியை விரட்டும் சாமான்கள்: ஒரு புதிய தாயத்து வியாபாரம்

திண்டுக்கல் கடைவீதியில் இன்று பாத்திரக்கடைக்கோ பிளாஸ்டிக் சாமான் கடைக்கோ போகின்றவர்கள் ஒரு புதுமையைக் காணலாம். தண்ணீர்ப் பாட்டில், காய் நறுக்கும் பலகை, குழந்தையின் சாப்பாட்டு டப்பா, துண்டு, படுக்கை விரிப்பு, செருப்பு, சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் ஆகிய பலவற்றின் மேலும் ஒரு கேடயப் படம் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் கீழ், "கிருமிப் பாதுகாப்பு உள்ளேயே அமைந்தது", "99.9 சதவிகிதக் கிருமிகளைக் கொல்லும்" என்பதாக ஒரு வாசகமும் இருக்கின்றது. கேடயம் ஒட்டிய சாமானுக்கு விலை கூடுதல். ஒட்டாத சாமான் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது.

சின்னாளபட்டிப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அந்த வீட்டு அம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்கிய புது டப்பாவைப் பெருமையாகக் காட்டினார். "அண்ணே, இதத் தேய்க்கவே வேணாமாம். சும்மா அலசி வச்சாப் போதும், அதுவே கிருமியக் கொன்னுக்கிடுமாம். கடைக்காரரு சொன்னாரு" என்றார். டப்பாவைத் திறந்து பார்த்தோம். மூடியின் இடுக்கில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதே பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்தும் தொங்கிற்று. தாயத்துக்குக் கொடுத்தது 50 ரூபாய். சாதாரண டப்பாவைவிட இந்த டப்பாவுக்கு அதிகமாகக் கொடுத்தது 90 ரூபாய். தாயத்துக் கட்டியவனாவது பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. டப்பா விற்றவனோ கழுவவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்! இவ்விரண்டில் எது பெரிய புரட்டு என்பதே இன்று நமது கேள்வி.

எதையும் ஆராயாமல் பொய் என்று தள்ளுவது பகுத்தறிவாகாது. ஆகவே, இந்த வியாபாரத்தில் உண்மை எவ்வளவு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். இச்சாமான்களைச் செய்யும்போது பிளாஸ்டிக்கிலோ, நூலிலோ, பெயிண்டிலோ வெள்ளி, துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் உப்புகளையோ, ட்ரைக்ளோசான் போன்ற மருந்துகளையோ கலக்கிறார்கள். இவை கிருமிக்கு விரோதமானவை என்பது மெய்யே. மந்திரித்த கயிற்றில் ஒன்றுமில்லை, இதில் ஏதோ ஒன்று இருக்கின்றது. ஆனால் அந்த ஏதோ ஒன்று யாரைக் காப்பாற்றுகின்றது? அதை உபயோகிக்கின்ற உங்களையா, அல்லது அந்தச் சாமானையா?

இதற்கு அமெரிக்க தேசத்துச் சட்டமே பதில் சொல்கின்றது. அங்கே கிருமி மருந்து கலந்த சாமானை விற்பவன், "இம்மருந்து இந்தச் சாமானில் பூஞ்சை பிடிக்காமலும், நாற்றம் ஏறாமலும் காக்கும்" என்று மட்டுமே சொல்லலாம். "இது உங்களை வியாதியிலிருந்து காக்கும்" என்று சொல்லவேண்டுமானால் அதைத் தனியே ருசுப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். 1997-ல் ஹாஸ்ப்ரோ என்னும் பெரிய பொம்மைக் கம்பெனி, மருந்து கலந்த தன் பொம்மைகள் குழந்தைகளைக் கிருமியிலிருந்து காக்கும் என்று விளம்பரம் செய்தது. சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 1,20,000 டாலர் அபராதம் வாங்கிற்று. அதாவது, கேடயம் பிளாஸ்டிக்குக்கே ஒழியப் பிள்ளைக்கு அல்ல! பூட்டு தன்னைத் துருப்பிடிக்காமல் காத்துக்கொள்கின்றது என்பதற்காக அது வீட்டைக் காக்கும் என்று சொன்னால் நம்மூர்ப் பூட்டுத் தொழிலாளி சிரிக்க மாட்டாரா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை வாங்குகின்ற எவரும், திருடனை நிறுத்துமா என்றுதான் கேட்கின்றார்கள்.

இனி அந்த 99.9 என்கின்ற கணக்கைப் பார்ப்போம். இத்தகைய சாமான்களைச் சோதிக்க ஜப்பானில் பிறந்து உலகமெங்கும் வழங்கும் ஒரு முறை இருக்கின்றது. கிருமி கலந்த நீரைச் சாமானின் மேல் ஊற்றி, மெல்லிய தகட்டால் மூடி, 35 டிகிரி சூட்டில், காற்றில் 90 சதவிகிதத்துக்குக் குறையாத ஈரத்தில், 24 மணி நேரம் வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுப் பலகையில் காலையில் மீனை அறுத்து, கால் மணி நேரத்தில் அதன் மேலேயே வெங்காயத்தை அறுக்கின்றீர்கள். அந்தக் கிருமி 24 மணி நேரம் ஈரத்தில் மூடிக்கொண்டு, சாகக் காத்திருக்குமா? அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே படிந்துவிட்டால் உள்ளே இருக்கின்ற மருந்து கிருமியைத் தொடத்தான் முடியுமா?

சரி, 99.9 சதவிகிதம் செத்தே போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கிருமியில் 1,000 மிச்சம். சூடும் ஈரமும் தீனியும் கிடைத்தால் குடலில் வாழும் ஒரு சாதாரண பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். 1,000 என்பது 2,000; பிறகு 4,000; பிறகு 8,000. இப்படிப் பத்துத் தரம் இரட்டித்தால், அதாவது 3 மணி 20 நிமிஷத்தில், மறுபடியும் 10 லட்சத்துக்கு மேலாகின்றது. இடுக்கில் சோற்றுப் பருக்கையை விட்டுவைப்பது இந்த 1,000 பேருக்கும் இலவசச் சாப்பாடு போடுவதாகும்.

அன்றியும், இந்த மருந்து சாமானோடு நிலைத்து இருப்பதும் நிச்சயமில்லை. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் சர்வகலாசாலையில் வெள்ளி கலந்த காலுறைகளைத் தண்ணீரில் துவைத்துப் பார்த்தார்கள். சிலவகை உறைகளில் நாலே துவைப்பில் வெள்ளி அனேகமாக முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. காசு கொடுத்தவன் காலில் வெறும் நூல் மிச்சம்; வெள்ளி சாக்கடையில்!

சோப்பின் கதையும் இப்படியே. கிருமி மருந்து கலந்த சோப்பு வெறும் சோப்பைவிட மேலானது என்று பல காலம் பிரசாரம் செய்யப்பட்டது. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து இலாகா, ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 சரக்குகளை வீட்டில் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஏன்? அவை சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட மேலானவை என்பதையோ, தினமும் நெடுங்காலம் உபயோகிக்கத் தீங்கற்றவை என்பதையோ கம்பெனிகள் ருசுப்படுத்தவில்லை.

இது வெள்ளைக்காரன் தேசத்துச் சமாசாரம், நம் போன்ற ஏழைகளுக்கு வேறு என்று யாராவது சொன்னால், கராச்சியின் குடிசைப் பகுதிகளைப் பாருங்கள். அங்கே நடந்து 2005-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும், சில வீடுகளுக்கு மருந்துச் சோப்பும் கொடுத்துக் கை கழுவப் பழக்கினார்கள். கை கழுவிய வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 53 சதவிகிதமும், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியா 50 சதவிகிதமும் குறைந்தன. ஆனால் மருந்துச் சோப்பு வீடுகளுக்கும் சாதாரண சோப்பு வீடுகளுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! இதற்குப் பணம் உதவியதே சோப்பு செய்யும் ஒரு கம்பெனிதான். குழந்தைகளைக் காப்பாற்றியது எது? கை கழுவிய பழக்கமும், அதற்கான தண்ணீருமே.

நிற்க. "செம்புப் பாத்திரத்தின் மகிமையை நம் முன்னோர்கள் அன்றே கண்டார்கள்" என்று சிலர் இவ்விடத்தில் எழுந்திருப்பார்கள். செம்பு மெய்யாகவே கிருமியைக் கொல்லும். 2012-ல் வெளியான ஒரு பெங்களூர் ஆராய்ச்சியில், செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, சீதபேதி முதலியவற்றின் கிருமிகள் ஒழிந்தன என்று கண்டார்கள். 2008-ல் அமெரிக்க சர்க்கார் செம்பையும் பித்தளை போன்ற அதன் கலப்பு உலோகங்களையும் கிருமி கொல்லிகளாகப் பதிவு செய்தது. அப்படியானால் நம்மூர்ப் பித்தளைப் பூட்டும் ஒரு கிருமி கொல்லியே. ஆயினும் "இது வைத்தியப் பூட்டு" என்று சொல்லி எந்தப் பட்டறைக்காரரும் கூடுதல் காசு கேட்டதாக நாம் கேட்டதில்லை. கம்பெனிக்காரனுக்கு இல்லாத யோக்கியப் பொறுப்பு அவருக்கு இருக்கின்றது.

ஆனால் 16 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். களிம்பேறிய குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த பெண்ணின் கையையும் கவனியுங்கள். மகிமையெல்லாம் முன்னோருக்கு, தேய்ப்பு மட்டும் அவளுக்கு! அதற்கு மேலும் ஒன்று. தோல் ஷாப்புகளின் கழிவால் திண்டுக்கல் சுற்றுப்புறத்தில் பல கிணறுகள் உப்பேறிக் கெட்டிருக்கின்றன. செம்புக் குடமானாலும், வெள்ளி கலந்த பாட்டிலானாலும் தண்ணீரில் கரைந்த உப்பை எடுத்துவிடுமா? கிருமியைக் கொன்றாலும் கெட்ட கிணறு கெட்ட கிணறுதான்.

இவ்வளவோடு போனால் ஏமாந்தவன் காசு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் ட்ரைக்ளோசான், கிருமி தன் கொழுப்பைச் செய்துகொள்ள உதவும் ஒரு குறிப்பிட்ட என்ஸைமைத் தாக்குகின்றது என்றும், அதை மாற்றிக்கொண்ட கிருமி பிழைத்துக்கொள்ளும் என்றும் 1998-லேயே கண்டார்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மருந்து தாக்குவதும் இந்த வகை என்ஸைமையே. கொல்லப் போதாத அளவில் விஷத்தை ஊரெல்லாம் தூவுவது கிருமிக்குப் பயிற்சிப் பள்ளிக்கூடம் வைப்பதாகும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குப் பெருங்காரணம் மருந்துகளைக் கண்டபடி தின்பதே, டப்பாக்கள் அல்ல. ஆனாலும் எரிகின்ற வீட்டில் ஒரு அகப்பை எண்ணெய்தானே என்று ஊற்றலாமா?

எல்லாவற்றையும்விட நம்மை வருத்துவது வேறொன்று. இந்த விளம்பரங்கள் உண்டாக்கும் பயம், வெளியே இருந்து வருகின்றவனெல்லாம் கிருமி சுமந்து வருகின்றான் என்கின்ற பயம். இது நமக்குப் பழக்கமான பயமல்லவா? தீட்டு என்ற பெயரால் மனிதனை மனிதன் தொடக்கூடாது என்றார்கள். டீக்கடையில் ஒரு ஜாதிக்கு ஒரு டம்ளர் என்று வைத்தார்கள். தீட்டு என்று சொல்ல இன்று வெட்கமாகவோ சட்டத்துக்குப் பயமாகவோ இருக்கின்றவர்கள், வீட்டு வேலைக்காரிக்கும் குப்பை அள்ள வருகின்ற தோழருக்கும் தனி டம்ளர் வைத்துவிட்டு, "ஆரோக்கியத்துக்காக" என்கின்றார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய டம்ளரில் யார் குடித்தால் என்ன? கிருமிக்கு அக்ரகாரம் தெரியுமா, சேரி தெரியுமா? வீட்டு எஜமானியின் கையில் உள்ள கிருமி மட்டும் ஆசாரமானதா? புரோகிதனிடமிருந்து பிடுங்கிய தீட்டைக் கம்பெனிக்காரனிடம் கொடுத்துத் திரும்ப விலைக்கு வாங்குவதற்கா நாம் பாடுபட்டோம்?

தோழர்களே! கிருமியைக் கண்டு பயப்படாதீர்கள், அதை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த தரம் கடைக்காரர் கேடயத்தைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் கலந்திருக்கும் மருந்து எது? எவ்வளவு நேரத்தில் கொல்லும்? எத்தனை துவைப்புக்குத் தாங்கும்? பதில் இல்லையானால் கீழ்த்தட்டு டப்பாவை வாங்கி, மிச்சக் காசுக்குச் சோப்பு வாங்குங்கள். மலஜலம் கழித்த பின்பும், சாப்பிடும் முன்பும், பிள்ளைக்கு ஊட்டும் முன்பும் கையைக் கழுவுங்கள். மீன், கறிக்கு ஒரு பலகையும் காய்க்கு ஒரு பலகையும் வையுங்கள். டப்பாவைத் தேய்த்து வெயிலில் கவிழுங்கள். தேய்க்கின்ற வேலை பெண்டாட்டிக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. புருஷனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.

அதற்குமேல் ஊருக்கு உள்ள கேள்வியைக் கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதைச் சோதிக்கச் சிறு குப்பியும் ஒரு துளி மருந்தும் போதும். நிறம் மாறுவதை யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி கடைசியாக என்று கழுவப்பட்டது, பிளீச்சிங் பவுடர் யார், எப்பொழுது போடுகின்றார்கள் என்று கிராம சபையில் எழுந்து நின்று கேட்டதுண்டா? 90 ரூபாய் கொடுத்து டப்பாவுக்குக் கேடயம் வாங்கிய நாம், ஒரு காசும் செலவில்லாத இந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பது ஏன்?

தொட்டி சுத்தமானால் ஊருக்கே பாதுகாப்பு. டப்பாவில் ஒட்டிய கேடயம், விற்றவன் பைக்குப் பாதுகாப்பு. அரையில் இருக்கின்ற பழைய தாயத்தையே இன்னும் அறுத்தெறியாத நாம், புதிய தாயத்தை அடுக்களையில் கொண்டுவந்து கட்டவேண்டுமா என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.