இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடைக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். கடை அன்று கடையாக இல்லை, போர்க்களமாக இருந்தது. கணக்கப்பிள்ளையின் புதுக் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டால், பில் அச்சடிக்கும் யந்திரம் உறங்கிவிடுகிறது. யந்திரத்தை எழுப்பினால் கம்ப்யூட்டர் மூர்ச்சை போடுகிறது. வாசலில் லாரி நிற்கிறது. வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மூட்டைகள் ஏறியாகிவிட்டன. ஆனால் பில் இல்லாமல் சக்கரம் நகராது.

“இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிவிடுகிறேன்” என்று நண்பர் கர்ஜித்தார். இந்தக் காலத்து யந்திரங்களுக்கு நம்மவர் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் இதுதான். நல்ல வேளையாக, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழுது பார்க்கும் பெண் ஒருத்தி பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“யந்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை, அண்ணாச்சி. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் விழுந்திருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார், பாவம்!”

“என்ன தாயீ, கம்ப்யூட்டருக்குக் கூடவா கதவிலக்கம்?” என்றார் நண்பர்.

இருக்கிறது. கதவிலக்கம் மாத்திரமல்ல, பெயரும் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

பெயர் என்பது தொழிற்சாலையிலேயே சூட்டப்படுவது. ‘மேக் விலாசம்’ என்பார்கள். பன்னிரண்டு குறிகள் கொண்டது. 0 முதல் 9 வரையுள்ள எண்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களும் அதில் கலந்து வரும். முதல் ஆறு குறிகள் யந்திரத்தைச் செய்த கம்பெனியைக் காட்டும். மற்ற ஆறும் அந்தக் குறிப்பிட்ட யந்திரத்துக்கே உரியவை. யந்திரம் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பெயர் கூடவே போகும். இக்காலத்துக் கைப்பேசிகள் மட்டும், தங்களை யாரும் பின்தொடராதிருக்க, இடத்துக்கு இடம் புனைபெயர் வைத்துக்கொள்ளுகின்றன.

கதவிலக்கம் அப்படியல்ல, குடிபோகும் இடத்தைப் பொறுத்தது. ‘ஐ.பி. விலாசம்’ என்பது இதுவே. 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி நம் தபால் இலாகா பின்கோடைக் கொண்டுவந்தது. ராஜபாளையத்துக்கு 626117; ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125. முதல் மூன்று எண்களும் ஒன்றே. எங்கோ வடக்கே கடிதத்தைப் பிரிப்பவர் அவற்றைப் பார்த்தால் போதும். கடைசி எண்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஐ.பி. விலாசத்திலும் முன்பகுதி தெருவைக் காட்டும்; பின்பகுதி வீட்டைக் காட்டும். நண்பர் கடை அச்சு யந்திரத்தின் இலக்கம் 192.168.1.10. இதே இலக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடை ஒன்றிலும் இருக்கலாம், குற்றமில்லை. எல்லாத் தெருவிலும் பத்தாம் நம்பர் வீடு உண்டல்லவா? ஒரே தெருவில் இரண்டு இருந்தால்தான் வம்பு.

இனி, தபாலைச் சுமக்கும் பெட்டிகளைப் பார்ப்போம். பழைய ‘ஹப்’ தண்டோராக்காரனைப் போன்றது. ஒருவருக்கு வந்த செய்தியைத் தெரு முழுவதற்கும் முழங்கிவிடும். ‘ஸ்விட்ச்’ விவேகமுள்ள தபால்காரர். எந்தப் பெயருடையவர் எந்த வாசலில் இருக்கிறார் என்பதைப் பழகித் தெரிந்துகொண்டு, உரியவரிடம் மட்டும் கொடுக்கும். ‘ரவுட்டர்’ விருதுநகர் ஜங்ஷனைப் போன்றது. செங்கோட்டைப் பாதையில் வந்ததை வேறு பாதைக்கு மாற்றிவிடும். வீட்டில் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போகும் ஒற்றைப் பெட்டிக்குள் ஸ்விட்சும் ரவுட்டரும் சேர்ந்தே குடியிருக்கின்றன.

இவற்றை இணைக்கும் கேபிளை அறுத்துப் பார்த்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். நூலுக்கு முறுக்கு எதற்கென்று ராஜபாளையத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே முறுக்கு, அக்கம் பக்கத்து மின்சார இரைச்சலைத் தள்ளிவிடுகிறது. அந்த முறுக்கும் 100 மீட்டர் வரையில்தான் தாங்கும். நீண்ட மில் கொட்டகைகளில் நடுவே ஒரு ஸ்விட்ச் வைக்கவேண்டும். அல்லது கண்ணாடி இழை இழுக்கவேண்டும்.

இலக்கங்களின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1981-இல் வகுத்த திட்டப்படி உலகம் முழுவதற்கும் உள்ள இலக்கங்கள் 429 கோடிச் சொச்சம். அக்காலத்தில் அவை அமெரிக்காவில் கல்யாணத்துச் சந்தனம்போல் வாரி வழங்கப்பட்டன. மாசாசூசட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கும் அவ்வளவே. நம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்டு 15-இல். பந்திக்குப் பிந்தியவர் கதிதான்! 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியம் காலி. மூன்று மாதத்துக்குள் ஆசியப் பிராந்தியத்தில் ரேஷன் வந்துவிட்டது. எனவேதான் கடைக்குள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் உள்ளிலக்கம், வெளியுலகுக்கு எல்லாருக்குமாக ஒரே இலக்கம் என்ற கூட்டுக் குடித்தன ஏற்பாடு நடக்கிறது. சில சமயம் பல வீடுகளுக்கே ஒரு வெளியிலக்கம்தான். கடைக் காமிராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்று சிலர் முறையிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்தங்கியவரே முந்திக்கொண்ட கதையும் இதில் இருக்கிறது. எண்ணித் தீராத இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு ஐ.பி.யைக் கையாளுவதில் இந்தியா இன்று உலகின் முன்வரிசையில் நிற்கிறது. 2016-இல் தொடங்கிய ஜியோ போன்ற கைப்பேசிக் கம்பெனிகள் அதையே நம்பிப் பெருகின. நம் சட்டைப்பைக் கைப்பேசி புதுத் திட்டத்தில் ஓட, கடையின் அச்சு யந்திரம் பழைய திட்டத்திலேயே தள்ளாடுகிறது.

கடையில் நடந்தது இதுதான். பல வருஷங்களுக்கு முன் யாரோ அச்சு யந்திரத்துக்கு 10 என்ற இலக்கத்தைக் கையாலே எழுதிவைத்தார். ரவுட்டருக்கு அது தெரியாது. புதுக் கம்ப்யூட்டர் வந்து இலக்கம் கேட்டதும், காலியென்று நினைத்து அதே 10-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண், அச்சு யந்திரத்தின் பன்னிரண்டு குறிப் பெயரை ரவுட்டரில் பதிந்து, “10 என்பது இவருக்கு மட்டும்” என்று சாஸனம் எழுதினாள். கம்ப்யூட்டருக்கு வேறு இலக்கம் கிடைத்தது. பில் வந்தது, லாரி புறப்பட்டது.

போகும்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: “அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்கு வாங்கிய அன்று இருந்த ரகசியச் சொல்லே இன்னும் இருக்கிறது. திண்ணையில் சாவியை வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள்.”

நண்பர் உடனே மாற்றிவிட்டார். நாம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பி, நம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அதன் அடியில், நிர்வாகி என்பதற்கான ஆங்கிலச் சொல்லே பெயராகவும் ரகசியச் சொல்லாகவும் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாக அதுவேதான்! நேயர்களும் இன்றிரவு படுக்குமுன் தங்கள் பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்களாக.