திருகாணியை மட்டும் முறுக்கினால் போதுமா?

“பழைய வண்டி எண்டால் புகைக்கும்தானே.” இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது.

எங்கட பழைய பெற்றோல் பிக்கப்புக்குப் பாவிச்ச காபரேட்டர் ஒன்றைப் பூட்டினோம். கறுப்புப் புகை, பெற்றோல் மணம், கரிபிடித்த பிளக். பார்க்க வந்த எல்லாரும் ஒரு திருகாணியைத்தான் முறுக்கினார்கள். அது எஞ்சின் சும்மா நிற்கும்போது போகிற கலவைக்கானது. ஓடும்போது பெற்றோலை அளப்பது மெயின் ஜெற். அதையோ, மிதவை மட்டத்தையோ, தேய்ந்த ஊசி வால்வையோ, முழுக்கத் திறக்காத சோக்கையோ ஒருவரும் பார்க்கவில்லை.

நாங்களே கழற்றினோம். ஜெற்றில் பொறித்த எண்ணுக்கும் துளைக்கும் பொருத்தமே இல்லை. யாரோ துளையைப் பெருப்பித்திருக்கிறார்கள். சரியான ஜெற்றைப் போட்டோம், பிளக் மண்ணிறமானது.

இது வெறும் புகைப் பிரச்சினை இல்லை. எரியாத பெற்றோல் சிலிண்டரில் உள்ள எண்ணெயைக் கழுவி, ரிங்கைத் தேய்க்கும். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாங்களே அதைப் புகையாக ஊதித் தள்ளுவதா?

யுத்தகாலத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டியது யாழ்ப்பாணம். அந்தக் கைகளுக்குக் காபரேட்டரின் ஒவ்வொரு துளையும் தெரியும். எங்களுக்கோ கழற்றவே பஞ்சி. வண்டியின் வயதில் பழியைப் போடாதேங்கோ. முதலில் கழற்றிப் பாருங்கோ.