எந்த ஜன்னல்?

ரயிலில் ஏறியதும் ஜன்னலோரத்திற்கு ஓடாத குழந்தை இல்லை. பெரியவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. வெளியே காட்டிக் கொள்வதில்லை, அவ்வளவுதான். ஆகாய விமானத்திலோ பல கம்பெனிகள் இந்த ஆசைக்குத் தனிக் கட்டணமே விதித்துவிட்டன. காசு கொடுத்துப் பார்க்கும் காட்சி நல்ல காட்சியாக இருக்க வேண்டாமா?

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியில் புறப்பட்ட விமானத் தபாலை ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய் வரை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த மூட்டைகள் ஜன்னல் கேட்கவில்லை. இன்று மண்ணூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோரையும் விமானத்தில் அழைத்துச் செல்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த யோசனைகள்.

இறக்கைக்கு மேலுள்ள ஆசனம் உதவாது. பூமி முழுவதும் இறக்கையே மறைத்துவிடும். அதற்குச் சற்றுப் பின்னால் இயந்திரத்தின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கித் தெரியும். இறக்கைக்கு முன்னுள்ள வரிசைகளே உத்தமம். அடுத்தது, வெயில் விழாத பக்கமாக இருக்க வேண்டும். டில்லியிலிருந்து குவாஹாத்திக்குச் செல்பவர் இடப்புறம் உட்கார்ந்தால், வானம் தெளிந்த நாளில் இமயமலையைத் தரிசிக்கலாம்.

இமயத்தைக் காண ஆசைப்படுவது நியாயமே. ஆனால் நம் ஊரை வானத்திலிருந்து பார்த்தவர் எத்தனை பேர்?

வடகிழக்குக் காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழி வரையில், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமாக வரும். அப்பொழுது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இடப்புற ஜன்னலில் கண் கூசாது. அந்த வரிசையின் எழுத்து 'ஏ'. வலப்புறத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் மின்னும். இடப்புறத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளைக் காணலாம். அவற்றிற்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கும்.

இருபத்துநான்கு அடி ஆழத்திற்கு நீர் தேக்கும் இவ்வேரி சென்னைக்குக் குடிநீர் தருவது. இதன் உபரி நீர் அடையாற்றில் விழுகிறது. அடையாறோ விமான நிலையத்தை ஒட்டியே ஓடுகிறது. அங்குள்ள இரண்டாவது ஓடுபாதை அவ்வாற்றின்மேல் பாலமாகவே செல்கிறது. 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது ஓடுபாதை நீரில் மூழ்கி, விமான நிலையத்தையே சில நாட்கள் மூட நேர்ந்தது. ஏரிக்கும் நகருக்கும் உள்ள இந்த உறவைப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தைவிட அந்தச் சிறு ஜன்னல் தெளிவாகக் காட்டும்.

செம்பரம்பாக்கத்தோடு காட்சி முடிவதில்லை. ஒன்றின் மிகுதி நீர் மற்றொன்றுக்குச் செல்லும்படி நம் முன்னோர் வெட்டிய எத்தனையோ சிற்றேரிகள் கட்டடங்களுக்கிடையே பளபளக்கும். தொழிற்சாலைகள் வேண்டும், அவற்றால் நம் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் கால்வாயைத் தூர்த்துவிட்டால் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அந்த வழி நம் வீட்டு வாசலாகவும் இருக்கலாம்.

ஆகவே ஜன்னலோரத்தில் குழந்தையை உட்கார வைத்து, கண்ணில் படும் ஏரிகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே காலத்தில், அதே வழியில் வரும்போது மறுபடியும் எண்ணட்டும். கணக்குக் குறைந்தால் குழந்தையைக் கோபிக்க வேண்டாம். கீழே இறங்கியதும் விசாரிக்க வேண்டியவர்கள் நாம்.