ஒரு பாம்பு வாங்கினா 500 எலி வாங்கணும்... ரெடியா பாஸ்?

நைட் படுத்துக்கிட்டு ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கீங்க. மஞ்சளும் வெள்ளையுமா ஒரு குட்டிப் பாம்பு, ஒருத்தர் விரலைச் சுத்திக்கிட்டு நாக்கை நீட்டுது. கீழே கமென்ட்டில் 'சோ க்யூட்', 'எவ்ளோ ப்ரோ?', 'சென்னையில கிடைக்குமா?' என்று வரிசை கட்டுகிறார்கள். 'இது என்ன சாப்பிடும்?' என்று கேட்பவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

அந்த ரீல்ஸ் பாம்பு பெரும்பாலும் 'பால் பைத்தான்'. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் இந்தப் பெயர். பெயரில் 'பால்' இருக்கேன்னு கிண்ணத்துல பால் ஊத்தி வெச்சிடாதீங்க. புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் நம்பிக்கை. பாம்புக்கு அது உணவில்லை.

2023-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கோங்க. ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள், 8 கார்ன் ஸ்னேக்குகள். ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த பயணியிடம் 22 பாம்புகள். ஜூலையில் திருச்சியில் 47 மலைப்பாம்புகள். செப்டம்பரில் பெங்களூரில் 55 பால் பைத்தான்கள், கூடவே 17 ராஜநாகங்கள். இவையெல்லாம் பிடிபட்டவை மட்டுமே. கடத்துகிறவர் பெட்டியைக் கைமாற்றியதும் ஒதுங்கிவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பாம்புக்குச் சோறு போட வேண்டியவர், 'எவ்ளோ ப்ரோ?' என்று கேட்டவர்தான்.

ஆளுக்கொரு மெனு

'பாம்புன்னா எலி திங்கும், அவ்ளோதானே?' இல்லை. ராஜநாகத்தின் முக்கிய உணவு மற்ற பாம்புகள். நம்ம ஊர் பச்சைப் பாம்பு பல்லி, ஓணான், தவளை பிடிக்கும். தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும். அந்த 17 ராஜநாகங்களை வாங்கவிருந்தவர் எதைப் பிடித்துப் போடுவதாக இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே இனத்துக்குள்ளேயே ருசி மாறும். நைஜீரியக் காடுகளில் பால் பைத்தான்களை ஆராய்ந்து 1998-ல் வெளியான ஆய்வில், ஆண் பாம்புகள் அதிகம் பறவைகளையும், பெண் பாம்புகள் அதிகம் எலி போன்ற பாலூட்டிகளையும் தின்றது தெரியவந்தது. சின்னப் பாம்புகளும் பறவைக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடித்தன.

பாம்பு கண்ணால் பார்த்து மெனு கார்டு படிப்பதில்லை. நாக்கால் காற்றிலிருக்கும் வாசனையை எடுத்து, மேலண்ணத்திலுள்ள உறுப்பில் சோதிக்கிறது. பால் பைத்தானுக்கு உதட்டோரக் குழிகளில் வெப்பத்தை உணரும் சக்தியும் உண்டு. அதனால் வாசனையும் சூடும் சரியா இல்லைன்னா, மூக்குக்கு நேரா எலியை வெச்சாலும் திரும்பிப் படுத்துக்கும்.

சுண்டெலியா, எலியா?

பாம்பு வளர்ப்பு பெரிய தொழிலாக நடக்கும் அமெரிக்கா, பிரிட்டனில் இதற்கென்றே எலிகளை வளர்த்து, உறையவைத்து, சைஸ் வாரியாக விற்கிறார்கள். முடி முளைக்காத குட்டிக்கு 'பிங்கி', லேசாக முடி வந்ததற்கு 'ஃபஸ்ஸி', துள்ள ஆரம்பித்ததற்கு 'ஹாப்பர்' என்று பெயர். பாம்பின் உடம்பில் தடிமனான இடம் எவ்வளவோ, இரையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுண்டெலி மட்டுமே தின்று வளர்ந்த பால் பைத்தான், பெரிதான பிறகு எலியைக் கொடுத்தால் பல நேரம் தொடாது. வேளைக்குப் பல சுண்டெலி போட வேண்டிவரும். அதனால்தான் அனுபவசாலிகள் சீக்கிரமே எலிக்குப் பழக்கிவிடுகிறார்கள்.

'அட, சிக்கன் பீஸ் போட்டா ஆகாதா?' ஆகாது பாஸ். பாம்பு இரையை முழுசாக விழுங்கும் பிராணி. எலும்பிலிருந்து கால்சியம், ஈரலிலிருந்து வைட்டமின் என்று எல்லாம் அந்த முழு இரையில்தான் இருக்கிறது. வெறும் சதையைப் போட்டு வளர்த்தால், நாளாக நாளாகச் சத்துக்குறைவில் போய் நிற்கும்.

உயிரோடவா, ஃப்ரோசனா?

உயிருள்ள எலியைக் கூண்டில் விடுவதுதான் 'நேச்சுரல்' என்று பலர் நினைக்கிறார்கள். காட்டில் எலி ஓட இடமிருக்கும். கண்ணாடிப் பெட்டியில் இல்லை. பாம்புக்குப் பசியில்லை என்றால், மூலையில் மாட்டிய எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். அந்தக் காயத்தில் செத்த பாம்புகளும் உண்டு. எலிக்கும் அது நரகம்.

அதனால்தான் உறையவைத்த எலியை ஃப்ரிட்ஜில் மெதுவாக இளகவைத்து, வெந்நீரில் சூடேற்றி, இடுக்கியால் நீட்டுவது அங்கெல்லாம் வழக்கமாகியிருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டாம். வெளியே சூடு, உள்ளே ஐஸ், நடுவில் வெடிப்பு என்று ஆகிவிடும்.

ஃப்ரோசன்னா சுத்தம்னு நினைச்சுடாதீங்க. குளிர் சால்மோனெல்லா கிருமியைக் கொல்லாது. பாம்புத் தீனி எலிகளிலிருந்து மனிதர்களுக்குப் பரவிய சால்மோனெல்லா தொற்றுகள் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் பதிவாகியிருக்கின்றன. அம்மா மீன் குழம்பு வைக்கும் ஃப்ரிட்ஜில் இதை வைக்க முடியுமா? வீட்டில் கைக்குழந்தை இருந்தால்?

நம்ம ஊர்ல எலிக்கு எங்க போவீங்க?

தெருவில் பொறி வைத்துப் பிடிக்கலாம் என்பது மிக ஆபத்தான ஐடியா. அந்த எலி பக்கத்து வீட்டு எலி மருந்தைத் தின்றிருக்கலாம். புரோமடியோலோன் போன்ற மருந்துகள் எலியின் ஈரலில் தங்கும். அதை விழுங்கும் பாம்புக்கும் போகும். எலிக்காய்ச்சல் கிருமியோ பிடிக்கும் உங்களுக்கே வரலாம்.

இப்போ கணக்கு. நன்றாக வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு எலி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 26. நல்ல பராமரிப்பில் 20 வருஷம் தாராளமாக வாழும். மொத்தம் 520 எலி! ஃபோனை ரெண்டு வருஷத்துல மாத்துற நாம, 20 வருஷத்துக்கு எலி சப்ளைக்கு வழி பண்ணணும்.

இந்தக் கணக்கு புரியும்போது சிலர் பாம்பை ஏரிக்கரையில் விட்டுவிட நினைப்பார்கள். ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் நடந்தது அதுதான். செல்லப்பிராணி வியாபாரம் வழியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி, ரக்கூன் போன்ற பாலூட்டிகளை ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டன.

சட்டம் என்ன சொல்லுது?

நம்ம ஊர் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பால் பைத்தான் போன்ற, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் கடத்திவந்த பாம்புக்கு எந்தப் பேப்பரைக் காட்டுவீங்க?

இன்னொன்றும் உண்டு. வேடிக்கைக்காகவே ஒரு விலங்கை அடைத்து இன்னொரு விலங்குக்கு இரையாக்குவது, 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 'லைவ் ஃபீடிங்' ரீல் போட்டு லைக் வாங்க நினைப்பவர்கள் இதைப் படிச்சிட்டுப் போங்க.

ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? வெளியே விட்டுவிடாதீர்கள். பாம்பு சில வாரம் சாப்பிடவில்லை என்றால் உடனே உயிர் எலியைத் தேடி ஓடாமல், பெட்டியில் சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. எடை குறைந்துகொண்டே போனால் பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு ரெக்வெஸ்ட். அடுத்த முறை அந்த க்யூட் ரீல் வந்தால், 'எவ்ளோ ப்ரோ?'வை விட்டுட்டு, 'கடைசியா எப்போ, என்ன சாப்பிட்டுச்சு ப்ரோ?' என்று கேளுங்கள். பதில் வருதான்னு பாருங்க.