லப்டொப் வாங்கக் கடல் தாண்ட வேணுமா?

கம்பஸ் அனுமதி கிடைத்தவுடன் வன்னியில் பல வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கும். லப்டொப் வாங்க வேணும். காசு எங்கிருந்து வரும்? சீட்டுக் காசு கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தியோ அனுப்புவது கொஞ்சம், மிச்சத்துக்கு அம்மாவின்ர சங்கிலி அடகுக்குப் போகும். ஒரு குடும்பம் நாலு வருசத்துக்கு ஒருமுறைதான் செய்யக்கூடிய செலவு அது. அந்த நேரம் பார்த்து ஆலோசனைகளும் வந்து குவியும். அதில் இரண்டு எப்பவும் வரும். ஒன்று: “இந்தியாவில வாங்கு, சரியான மலிவு.” மற்றது: “திரை எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லம், 4கே பார்த்து எடு.”

இரண்டும் அரைவாசி உண்மை. அரைவாசி உண்மையை நம்பி அடகுக் காசைச் செலவழிக்கக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் திரை. எங்கட கடைகளில் லப்டொப் விற்கும்போது சொல்லப்படுவது மூன்று விசயம்: புரொசசர், ராம், ஹார்ட் டிஸ்க். திரையைப் பற்றிக் கேட்டால் “15.6 இஞ்ச்” என்று அளவைச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த மெசினில் நீங்கள் நாலு வருசமும் முகம் கொடுக்கப் போவது திரைக்குத்தான். ராமைப் பிறகு கூட்டலாம், ஹார்ட் டிஸ்கை மாற்றலாம். திரையை மாற்றுவதும் முடியாததல்ல, ஆனால் அது செலவும் அலைச்சலும்.

ரெசொலூசன், அதாவது பிரிதிறன் என்பது திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கு என்ற எண்ணிக்கை. மலிவு மெசின்களிலும், செகண்ட் ஹாண்டாக வாறவற்றிலும் இன்னும் நிறையக் காணக்கூடியது 1366 x 768. பெருக்கினால் ஏறத்தாழ பத்தரை லட்சம் பிக்சல். 1920 x 1080 என்றால் இருபது லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே 15.6 இஞ்ச் திரையில் முதலாவது ஒரு இஞ்சுக்கு 100 புள்ளி, இரண்டாவது 141 புள்ளி.

இது வெறும் கண்ணழகு இல்லை. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற ஒருவர் ஓட்டோகாட் திறந்தால், மேலே இருக்கிற கருவிப்பட்டையும் கீழே இருக்கிற கட்டளைப் பெட்டியும் சேர்ந்து 768 வரி உயரத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். வரைபடம் ஒரு ஜன்னல் இடுக்கு வழியாகத் தெரியும். அந்த மென்பொருளின் அண்மைய பதிப்புகள் தங்கட தேவைப் பட்டியலில் சாதாரணத் திரைக்கே 1920 x 1080 என்றுதான் எழுதியிருக்கு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறவருக்கும் இதே கதைதான்: எக்செலில் ஒரு பக்கம் கணக்கும் இன்னொரு பக்கம் பாடக்குறிப்பும் அருகருகே வைக்க 1366 அகலம் போதாது. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, அப்படியே நாலு வருசம் போகும்.

இன்னொரு காரணம் இருக்கு, அதைக் கடைக்காரரும் சொல்லமாட்டார், யூரியூப் விமர்சகர்களும் சொல்லமாட்டார்கள். நாங்கள் தமிழ் வாசிக்கிறோம்.

ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடும் ஒரு வளைவும். குறைந்த புள்ளிகளிலும் சமாளிக்கும். தமிழ் எழுத்து அப்படியில்லை. மனம், மணம் இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு சுழி. நி, நீ இரண்டுக்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுருள். மெய்யெழுத்தின் தலையில் நிற்கிற குற்று ஒரு புள்ளிதான். விண்டோசில் வழமையான 9 புள்ளி அளவு எழுத்துக்குக் கிடைப்பது 12 பிக்சல் உயரம். அதுக்குள்ள ‘ணை’யின் கொம்பும் மூன்று சுழியும் அடங்க வேணும். அடங்காது, சேறாகிவிடும். அப்ப நாங்கள் என்ன செய்கிறோம்? எழுத்தைப் பெரிசாக்குகிறோம். பெரிசாக்கினால் ஒரு பக்கத்தில் நாலு வரிதான் தெரியும். தமிழ் பிடிஎஃப் வாசிக்கக் கஷ்டம், போனில வாசிக்கலாம் என்று விட்டுவிடுகிற பலருக்குக் காரணம் சோம்பல் இல்லை, திரைதான். போனில் பிக்சல் நெருக்கம் மிகக் கூட என்பதால்தான் அதில் தமிழ் துலக்கமாக இருக்கு.

(பாமினியில் தட்டச்சடித்து வாற சுற்றறிக்கையை மட்டும் எந்தத் திரையும் காப்பாற்றாது. அது வேற கதை.)

அப்படியென்றால் கூடக்கூட நல்லம்தானே? இல்லை. 15.6 இஞ்சில் 4கே என்றால் இஞ்சுக்கு 282 புள்ளி. அதை அப்படியே விட்டால் எழுத்து எறும்பளவில் வரும். ஆகவே விண்டோஸ் 250 வீதம் பெருப்பித்துக் காட்டும். அப்ப கிடைக்கிற வேலை இடம் 1536 x 864. இப்ப 1920 x 1080 திரையை 125 வீதத்தில் வைத்துப் பாருங்கள்: கிடைப்பது அதே 1536 x 864. இடம் ஒரு சொட்டும் கூடவில்லை. எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கும், உண்மை. ஆனால் அந்தக் கூர்மைக்காக நீங்கள் காசும் பற்றறியும் கொடுக்கிறீர்கள். நெருங்கிய பிக்சல்களுக்குப் பின்னால் கூடிய வெளிச்சம் வேணும், கிராபிக்ஸுக்கும் கூடிய வேலை. 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்டை நம்பி இருக்க முடியாத இடத்தில் பற்றறி ஒரு ஆடம்பரம் இல்லை.

என்ர முடிவு இது: 14 இஞ்சோ 15.6 இஞ்சோ, 1920 x 1080க்குக் கீழே இறங்காதீர்கள். 1920 x 1200 கிடைத்தால் இன்னும் நல்லம், வாசிக்க 120 வரி கூடக் கிடைக்கும். அதோட ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். பழைய டிஎன் திரை என்றால் கொஞ்சம் சரிந்து பார்த்தாலே நிறம் மாறும். வீடியோ எடிற்றிங், வடிவமைப்பு என்று தொழிலாகச் செய்யப் போகிறவர்கள் மட்டும் அதுக்கு மேல யோசிக்கலாம். அவர்களும் பிக்சலுக்கு முதல் நிறத் துல்லியத்தைப் பார்க்க வேணும். மலிவுத் திரைகளில் ‘45 வீதம் என்ரிஎஸ்சி’ என்று எழுதியிருந்தால் நிறம் வெளிறித்தான் இருக்கும்.

இனி கடல்.

2022இல் ரூபா விழுந்த பிறகு ‘இந்தியாவில வாங்குவம்’ என்ற கதை கூடியிருக்கு. வழியும் திறந்திருக்கு. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்ப ஓடியது. சென்னையில் றிச்சி ஸ்ரீட்டுக்குப் போனால் கொழும்பு யுனிட்டி பிளாசாவையும் மிஞ்சிய தெரிவு. போய்ப் பார்க்க ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இந்திய ரூபா எங்கட காசில் ஏறத்தாழ மூன்றரை. அங்க 50,000 என்று போட்டிருக்கிற மெசின் இங்க 1,75,000. அதோட விசா, ரிக்கெட், இரண்டு நாள் தங்குமிடம், காசு மாற்றுகிற இடத்தில் போகிற நட்டம். ‘அங்க வரி குறைவு’ என்பதும் சரியில்லை: 2024 ஜனவரி 1இல் இருந்து எங்கட வற் 18 வீதம், இந்தியாவில் லப்டொப்புக்கான ஜிஎஸ்ரியும் 18 வீதம். இணையத்தில் காட்டுகிற தீபாவளித் தள்ளுபடிகளில் அநேகம் இந்திய வங்கி அட்டைக்கும் இந்தியத் தொலைபேசி இலக்கத்துக்கும்தான். உங்களுக்கு இல்லை. திரும்பி வரும்போது சுங்கம் இருக்கு. சில நாள் போய் வாற ஆளுக்கு வரியில்லாமல் விடுகிற தொகை ஒரு நல்ல லப்டொப்பின் விலைக்குக் கிட்டவும் வராது.

இதையெல்லாம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் வரலாம். அந்த மிச்சத்துக்கு நீங்கள் விற்பது வொரண்டியை. பல கொம்பனிகளின் சாதாரண மொடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் வொரண்டி. ஆறாம் மாசம் திரையில் ஒரு கோடு விழுந்தால் முல்லைத்தீவில் இருந்து கொழும்புக்கு அனுப்புவதே ஒரு பாடு. நாகபட்டினத்துக்கு யார் கொண்டு போவது?

இன்னொரு பொறி, செகண்ட் ஹாண்ட். அங்கயும் இங்கயும் அலுவலகங்களில் கழித்த மெசின்கள் துடைத்து மினுக்கி விற்கப்படுகின்றன. அதில் நல்லவை இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 2018இல் வந்த திங்பாட் ரி480 ஒரே பெயரில் மூன்று விதத் திரையோட விற்கப்பட்டது: 1366 x 768, 1920 x 1080, 2560 x 1440. வெளியில பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். விற்கிறவர் மொடல் பெயரை மட்டும் சொல்வார். டிஸ்பிளே செற்றிங்கைத் திறந்து நீங்களே பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்ரெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்ட மெசினுக்கு விண்டோஸ் 11 முறையாக ஏறாது.

ஆகவே மூன்றும் பொருந்தினால் மட்டும் அக்கரையில் வாங்குங்கள்: வேற அலுவலாக எப்படியும் போக இருக்கிறீர்கள், எடுக்கிற மொடலுக்கு இலங்கையிலும் செல்லுபடியாகிற சர்வதேச வொரண்டி எழுத்தில் இருக்கு, அதே திரையுள்ள மெசின் இங்க கிடைக்கவில்லை. இல்லையென்றால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ, பில்லும் வொரண்டிக் காட்டும் தருகிற கடையில் வாங்குங்கள்.

வன்னிச் சனத்துக்கு ‘எல்லை தாண்டி வாங்குவது’ புதிசில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோர்ச் பற்றறியும் சீமெந்தும் எரிபொருளும் வவுனியாவுக்கு அங்கால எளிதில் வராத பொருட்கள். 2002இல் ஏ9 திறந்தபோது ஓமந்தையில் இறங்கி, சாமான் கொட்டிக் காட்டி, புளியங்குளத்தில் திரும்பவும் காட்டித்தான் எங்கட தாய் தகப்பன் பொருள் கொண்டு வந்தார்கள். 2006 ஓகஸ்ட்டில் அதுவும் மூடியது. நல்ல சாமான் வெளியில இருந்துதான் வரும் என்ற நினைப்பு அந்தக் காலம் எங்களுக்குத் தந்தது. அவர்களுக்கு வேற வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கடையில் ஒவ்வொருவரும் “ரெசொலூசன் என்ன, ஐபிஎஸ்ஸா?” என்று கேட்கத் தொடங்கினால், அடுத்த முறை கொழும்பில் ஓடர் போடும்போது கடைக்காரர் 768 திரையை எடுக்க யோசிப்பார்.

இதே கேள்வியைப் பழைய மாணவர் சங்கங்களிடமும் புலம்பெயர் உறவுகளிடமும் கேட்க வேணும். பாடசாலைக்கு இருபது லப்டொப் என்று படம் எடுத்துப் போடுகிறோம். இருபதுக்குப் பதில் பதினைந்து கொடுத்தாலும் பரவாயில்லை, பிள்ளை தமிழில் வாசிக்கக்கூடிய திரையாகப் பார்த்துக் கொடுங்கள்.