உப்பேரியிற் பெய்த மழை

மழை வேண்டி வானத்தை நோக்குதலே நம்மவர்க்குப் பழக்கம். மழை வாராதிருத்தல் வேண்டும் என்று வானத்தை நோக்கி நிற்போரும் உலகத்தில் உளர். தரையிலே மிகு வேகமாக வண்டியோட்டிச் சாதனை நாட்ட முயல்வோரே அவர். அவருள் ஒருவர் கதையை இவ்வாரம் வாசகர்க்குக் கூற விரும்புகின்றோம்.

இத்தகைய ஓட்டத்துக்குச் சாதாரண வீதிகள் போதா. பல மைல் நீளத்துக்கு மேடு பள்ளமின்றிக் கிடக்கும் நிலம் வேண்டும். அது பெரும்பாலும் வற்றிய உப்பேரிகளிலேயே கிடைக்கின்றது. ஏரியிற் சேர்ந்த நீர் வெயிலால் வற்றும்போது, அதிற் கரைந்திருந்த உப்பு மட்டமாகப் படிந்து சீமேந்துத் தளம்போல இறுகுகின்றது. ஆகவே அத்தளத்தை ஆக்குவதும் நீரே; அழிப்பதும் நீரே. உலர்ந்த உப்பு வண்டியைத் தாங்கும். ஈரமேறிய உப்போ சில்லின் கீழ் நெகிழ்ந்துவிடும்.

இங்கிலாந்து தேசத்துச் சேர் மல்கம் கம்பெல் 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியிலே மணிக்கு 301 மைல் வேகத்தில் ஓடிப் புகழ் பெற்றவர். அவர் மைந்தர் டொனால்ட் கம்பெல். தந்தையைப் பின்பற்றித் தம் வண்டிக்கும் ‘புளூபேர்ட்’, அதாவது நீலப்பறவை, என்றே பெயரிட்டார். 4,000 பரிவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் நான்கு சில்லுகளையும் சுழற்ற, மணிக்கு 500 மைல் வேகத்தை எட்டுமாறு அவ்வண்டி அமைக்கப்பட்டது. 1960 இற் பொனவிலிலே, ஏறக்குறைய 360 மைல் வேகத்தில் ஓடுகையில், அது பாதையினின்று விலகிப் புரண்டு நொறுங்கிற்று. மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டும் கம்பெல் உயிர் தப்பினார். மனமோ முறியவில்லை.

வண்டியைப் புதுக்கிய பின்னர், தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அயர் ஏரியைத் தெரிந்தெடுத்தனர். கடல் மட்டத்திலும் ஏறக்குறைய 15 மீற்றர் தாழ்ந்து கிடக்கும் அவ்வேரி பல்லாண்டுகளாக வறண்டிருந்தது. மழைக்கு அஞ்ச வேண்டாத இடம் இதுவென்றே எண்ணினர்.

1963 மார்ச் மாதத்தில் அணியினர் அங்கே சென்றனர். உப்புத் தளத்தைச் செப்பனிட்டுப் பாதை வகுத்தனர். அப்பொழுதுதானா மழை வரவேண்டும்! நனைந்த பாதை உலருமுன் மீண்டும் பெய்தது. மே மாதத்தில் ஏரியிலே வெள்ளம் பரந்தது. வண்டியை நீர் சூழுமுன் கரை சேர்த்தலே பெரும்பாடாயிற்று. அவ்வாண்டு முயற்சி அவ்வளவில் நின்றது.

மழை ஓய்ந்தும் பழிச்சொல் ஓயவில்லை. செலவுக்கு உதவியோருட் சிலர் விலகினர். கம்பெல் துணிவு குன்றினார் என்று பேசுவாரும் உளராயினர். அதற்கிடையில், 1963 ஓகஸ்டில், கிரேய்க் பிறீட்லவ் என்னும் அமெரிக்க இளைஞர் பொனவிலிலே ஜெற் வண்டியொன்றில் 407 மைல் வேகத்தை எட்டினார். சில்லுகளை இயந்திரம் சுழற்றாத அம்மூன்று சில்லு வண்டியை மோட்டார் வண்டியாக அக்காலத்துச் சர்வதேச சங்கம் ஏற்கவில்லை. ஆயினும் காத்திருந்தவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

1964 இல் அணியினர் மீண்டும் வந்தனர். மழையும் மீண்டும் வந்தது. எண்ணிய நீளத்துக்குப் பாதை கிடைக்கவில்லை. கிடைத்ததும் நன்கு உலரவில்லை. ஒரு மணி நேரத்துள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடிச் சராசரி காண வேண்டும் என்பது விதி. யூலை 17 ஆம் நாள், ரயர்கள் ஈர உப்பைக் கிழித்துச் சுவடு பதிக்க, கம்பெல் இருமுறையும் ஓடி முடித்தார். சராசரி வேகம் 403.1 மைல். ஜோன் கொப் 1947 இல் நாட்டிய 394 மைல் சாதனை வீழ்ந்தது. எனினும் 500 மைலை நாடி வந்தவருக்கு அவ்வெற்றி முழு மகிழ்வைத் தரவில்லை.

அவ்வாண்டின் கடைசி நாளிலே, மேற்கு அவுஸ்திரேலியாவின் டம்பிளியங் ஏரியிற் படகோட்டி, 276 மைல் வேகத்தில் நீர்ச் சாதனையும் நாட்டினார். ஒரே ஆண்டில் இரு சாதனைகளையும் நாட்டியவர் அவர் ஒருவரே. 1967 ஜனவரி 4 ஆம் நாள் இங்கிலாந்தின் கொனிஸ்ரன் ஏரியில் மற்றொரு நீர்ச் சாதனைக்கு முயன்றபோது உயிர் துறந்தார்.

அறிவியல் எவ்வளவு வளர்ந்தும் உப்பேரியின் இயல்பு மாறவில்லை. பொனவிலில் ஆண்டுதோறும் நடைபெறும் வேக வாரம் 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் தளம் கெட்டமையாற் கைவிடப்பட்டது. ஓராண்டு உழைப்பை வண்டியோடு கட்டி வீடு திரும்பினோர் பலர்.

கம்பெல் பெற்றது குறைவு என்று கூறுவோர் 500 இலிருந்து 403 ஐக் கழித்துப் பார்க்கின்றனர். அவர் ஓடிய தரையை அவர் நோக்குவதில்லை. நம் இல்லங்களிலும் இத்தகைய கணக்கு நடப்பதுண்டு. நோயும் வறுமையும் வெள்ளமும் இடையிட்ட ஆண்டொன்றிற் பிள்ளை பெற்றுவரும் புள்ளிகளை, இடையூறற்ற ஆண்டின் புள்ளிகளோடு வைத்து நோக்கிக் கடிந்துகொள்கின்றோம். பெற்றோரே, புள்ளியைப் பார்க்குமுன் பிள்ளை ஓடிய தரையைப் பாருங்கள். மாணாக்கரே, தரை உலரும்வரை வண்டியைப் பழுதுபாருங்கள். முற்றும் உலராதாயினும், ஓடவேண்டிய நாளில் ஓடுங்கள்.