கத்தி தோட்டத்தினுடையது, விளக்கு மட்டும் நம்முடையதா?

பால்வெட்டும் கத்தியும் வாளியும் வேலைக்கான கருவிகள் என்பதை எந்தத் துரையும் மறுப்பதில்லை. விடியுமுன் இருட்டில் மரத்தடிக்குப் போகிறவரின் நெற்றி விளக்கைப் பற்றிப் பேசினால் மட்டும், அது அவரவர் சொந்தப் பொருள் என்கிறார்கள். அதுவும் கருவிதான். அதோடு, எந்த விளக்கு என்பதையும் வேலை செய்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

கல்முனைக் கரையிலிருந்து மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்று வந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் விளக்கைத் தொழிலுக்கென்று பார்த்து வாங்குகிறவர்கள் இரண்டு கூட்டத்தார்: மருதமுனை நெசவாளரும் கடலுக்குப் போகிறவர்களும்.

சாரமும் சேலையும் நெய்கிறவருக்கு வெளிச்சம் என்றால் நிறம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது மலிவான பற்றரி விளக்குகளைத்தான் எல்லோரும் தேடினோம். அவற்றின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றுபோலத் தெரியும். மறுநாள் வெயிலில் விரித்தால்தான் சாரத்தில் கோடு விழுந்திருப்பது தெரியும். எங்களுக்குத் தெரிந்த நெசவுக்காரக் காக்கா ஒருவர் விளக்குக் கடைக்குப் போகும்போது இரண்டு நூலையும் சட்டைப்பையில் கொண்டுபோவார். எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கடைக்காரப் பையன் கேட்டால், “முதல்ல கொளுத்திக் காட்டுங்க மகன்” என்பார்.

அவர் செய்வது சரி. வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சத்தை லூமனில் பார்க்க வேண்டும். நிறத்தை உள்ளபடி காட்டுமா என்பதற்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். சூரிய வெளிச்சத்துக்கு 100. நிறம் பார்க்கும் வேலைக்கு 90 வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே கதைதான். அரைத்த கொழுந்து செம்பு நிறத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறவர் இரவில் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்? தேயிலை ருசி பார்க்கும் அறைகளுக்கு வடக்குப் பக்க வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னல் வைத்துக் கட்டுவார்கள். அந்த அக்கறை தொழிற்சாலை வரைக்கும் வருவதில்லை. தூள் கெட்டால் பழி மட்டும் வந்துவிடும்.

கடல்காரர் பார்ப்பது வேறு. இரண்டு கையும் வலையில் இருக்கும், உப்புத் தண்ணீர் தெறிக்கும். அவர்கள் ஐ.பி. எண்ணைப் பார்க்கிறார்கள். 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. மழைக்காட்டில் நிற்கும் நமக்கும் 65-க்குக் குறைந்தது உதவாது.

பால்வெட்டுக்கு மிகவும் கூர்மையான ஒளி கூடாது. பட்டையில் ஒரு மில்லிமீற்றர் அளவை மிச்சம் வைத்து வெட்ட வேண்டும். கத்தி உள்ளே பட்டால் மரம் காயப்படும். ஒரே புள்ளியில் கண் கூசும்படி அடிக்கும் விளக்கில் அந்த ஆழம் பிடிபடாது. பரந்து விழும் மென்மையான வெளிச்சமே நல்லது. பனிமூட்டத்தில் நடக்கும்போது விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் ஒளி மூட்டத்தில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பும். (மஞ்சள் விளக்கு பனியைக் கிழிக்கும் என்று கடையில் சொல்வதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.)

பற்றரியிலும் ஏமாற்று உண்டு. 18650 என்ற அளவுப் பற்றரியில் நல்ல கம்பனிகள் அடக்குவதே 3500 சுற்றுவட்டாரத்தில்தான். 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். அதை நம்பிப் போனவர் பாதி மலையில் இருட்டில் நிற்பார்.

தொழிற்சாலை விடயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் போதுமான, பொருத்தமான வெளிச்சத்தைக் கேட்கிறது. பொருத்தமான என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டியூப் விளக்கு நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். சுழலும் சக்கரம் அந்தத் துடிப்பில் நிற்பதுபோலத் தோன்றலாம். பக்கத்தில் கை வைப்பவர் நம் ஆள். ஈரத் தரையில் 230 வோல்ட் வயரோடு இழுத்துத் திரியும் கைவிளக்கையும் மறுத்துவிட்டு, பற்றரி விளக்கோ 24 வோல்ட் விளக்கோ கேளுங்கள்.

மலையில் வேலை செய்கிறவருக்கு இந்தச் சட்டம் எட்டாது. அங்கே நாம்தான் பேசிப் பெற வேண்டும். அடுத்த பேச்சில் தோட்டத் தலைவர்மார் வைக்க வேண்டியது இது: இருட்டில் வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கு, மாற்றுப் பற்றரி ஒன்று, பிரட்டுக்களத்திலேயே சார்ஜ் பண்ண இடம். லயத்து மின்சாரக் கட்டணத்தில் தோட்டத்து வேலைக்கான பற்றரி ஏறக்கூடாது. வாங்குமுன் இரண்டு மூன்று மாதிரிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பால்வெட்டும் அக்காமார் ஒரு வாரம் கட்டிப் பார்த்து, எது வேண்டும் என்று சொல்லட்டும்.